ரெப்போ குறைந்தது, தவணை ஏன் குறையவில்லை? வீட்டுக் கடன் கணக்கை நாமே போட்டுப் பார்ப்பது எப்படி

2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலப் பணத்துக்கான வட்டியை, மூன்று முறை குறைத்தது. 6.50 சதவீதமாக இருந்தது 5.50-க்கு வந்தது. ஒவ்வொரு முறை செய்தி வந்தபோதும் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். முழுதாக ஒரு சதவீதம் குறைந்திருக்கிறது, ஆனால் ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து பிடிக்கிற தொகை போன மாதம் எவ்வளவோ அதேதான் இந்த மாதமும். குறைந்த வட்டி எங்கே போனது?

ரெப்போவோடு இணைத்த கடனாக இருந்தால் அது பெரும்பாலும் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் தவணைத் தொகையில் இறங்காமல் தவணைகளின் எண்ணிக்கையில் இறங்கியிருக்கும். அந்த எண்ணிக்கையை நாம் பார்ப்பதே இல்லை என்பதால் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரிகிறது. இதுவே 2022-ல் தலைகீழாக நடந்தது. வட்டி ஏறியது, தவணை ஏறவில்லை, அப்பாடா என்று பலர் இருந்துவிட்டார்கள், உள்ளே கடன் வருடக் கணக்கில் நீண்டுகொண்டே போனது.

வங்கி இணையதளங்களில் இருக்கும் சாதாரண இஎம்ஐ கால்குலேட்டர் இதைக் காட்டாது. கடன் தொகை, வட்டி, வருடம் என்று மூன்றைக் கேட்டு, தவணையைச் சொல்லும், அவ்வளவுதான். தவணை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், இன்னும் எத்தனை மாதம் கட்ட வேண்டும் என்று அதனிடம் திருப்பிக் கேட்க முடியாது. அப்படி எந்தப் பக்கமிருந்தும் கேட்க உதவுவது ஃபைனான்ஷியல் கால்குலேட்டர். அதை எப்படிப் பயன்படுத்துவது, அது சொல்லும் எண்களை வைத்து வங்கியில் என்ன கேட்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஐந்து பொத்தான்கள்

1981-ல் வந்த எச்பி 12சி, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ 2 ப்ளஸ், காசியோவின் எஃப்சி வரிசை என்று பல மாடல்கள் உண்டு. இதற்காகக் காசு போட்டு வாங்க வேண்டியதில்லை. இதே கணக்கைப் போடும் செயலிகள் போனிலேயே கிடைக்கின்றன, எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதற்கான சூத்திரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எதை எடுத்தாலும் அடிப்படை ஐந்து விவரங்கள்தான்:

1. என் (N): மொத்தத் தவணைகளின் எண்ணிக்கை. வருடத்தை இங்கே போடக் கூடாது, மாதத்தைப் போட வேண்டும். 20 வருடம் என்றால் 240.
2. ஐ/ஒய் (I/Y): வருட வட்டி விகிதம். எக்செல்லில் இதை 12-ஆல் வகுத்து மாத வட்டியாகக் கொடுக்க வேண்டும்.
3. பிவி (PV): இன்றைய மதிப்பு. புதுக் கடன் என்றால் கடன் தொகை. பழைய கடன் என்றால் இன்றைக்கு மிச்சம் இருக்கும் அசல்.
4. பிஎம்டி (PMT): மாதத் தவணை, அதாவது இஎம்ஐ.
5. எஃப்வி (FV): கடைசித் தவணைக்குப் பிறகு மிச்சம் இருப்பது. கடன் முழுக்க அடைந்துவிட வேண்டும் என்பதால் வீட்டுக் கடனில் இது எப்போதும் பூஜ்யம்.

இவற்றில் நான்கைக் கொடுத்தால் ஐந்தாவது விடையாக வரும். எந்த ஐந்தாவது என்பது நம் விருப்பம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள், அது கூட்டல் கழித்தல் குறி. நம் கைக்கு வரும் பணம் கூட்டல், கையை விட்டுப் போகும் பணம் கழித்தல். வங்கி தரும் கடன் கூட்டல், நாம் கட்டும் தவணை கழித்தல். இரண்டுக்கும் ஒரே குறியைப் போட்டுவிட்டு மாதங்களைக் கேட்டால் ஒன்று பிழை காட்டும், இல்லாவிட்டால் அர்த்தமே இல்லாத எண் வரும்.

ஒரு கணக்கு

50 லட்சம் ரூபாய்க்கு ஏற்கெனவே கட்டிய ஒரு வீட்டை மறுவிற்பனையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பின் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தர முடியாது. ஆக அதிகபட்சம் 40 லட்சம். மீதி 10 லட்சம் நம் கைப்பணம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 4.5 லட்சம். அந்த 80 சதவீதத்தைக் கணக்கிடும்போது இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் இதுவும் நம் கையிலிருந்துதான். இதை முதலிலேயே எண்ணாமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்க ஓடுகிறவர்கள் நிறைய.

கடன் 40 லட்சம், வட்டி 8.5 சதவீதம், காலம் 20 வருடம். பிஏ 2 ப்ளஸில் முதலில் பி/ஒய் என்பதை 12 என்று வைக்க வேண்டும், வருடத்துக்கு 12 தவணை என்று அதற்குச் சொல்வது இது. பிறகு 240 அடித்து என், 8.5 அடித்து ஐ/ஒய், 4000000 அடித்து பிவி, 0 அடித்து எஃப்வி. கடைசியில் விடையைக் கேட்கும் சிபிடி (CPT) பொத்தான், பிறகு பிஎம்டி. திரையில் கழித்தல் குறியோடு 34,712.93 வரும். எச்பி 12சி-யில் பி/ஒய் கிடையாது. 20 அடித்து நீல நிற ஜி பொத்தானையும் என் பொத்தானையும் அழுத்தினால் அதுவே 12-ஆல் பெருக்கிக்கொள்ளும், 8.5 அடித்து ஜி, ஐ அழுத்தினால் அதுவே 12-ஆல் வகுத்துக்கொள்ளும்.

லோன் பிரிவில் இருப்பவர்கள் இதை "லட்சத்துக்கு 868" என்று வாயிலேயே சொல்லுவார்கள். 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கான தவணை 867.82 ரூபாய், அதை 40-ஆல் பெருக்கினாலும் அதே விடைதான்.

திருப்பியும் கேட்கலாம். மாதம் 25,000 தான் கட்ட முடியும், எவ்வளவு கடன் கிடைக்கும்? பிஎம்டி-யில் கழித்தல் 25,000 போட்டு பிவி-யைக் கேளுங்கள். 28.8 லட்சம் என்று வரும். வீடு பார்க்கப் போவதற்கு முன்பே இந்த எண் கையில் இருப்பது நல்லது. விலையை முடிவு செய்துவிட்டுத் தவணையைக் கேட்டால், காலத்தை நீட்டித் தவணையைச் சின்னதாக்கிக் காட்ட எல்லோரும் தயாராக இருப்பார்கள்.

விடை தப்பாக வந்தால்

1. 3,40,000 என்று வந்தால் பி/ஒய் 1-ல் நிற்கிறது. 8.5 சதவீதத்தை அது மாத வட்டியாக எடுத்துக்கொண்டது.
2. 34,469 என்று வந்தால் கால்குலேட்டர் பிகின் முறையில் இருக்கிறது, அதாவது தவணையை மாதத் தொடக்கத்தில் கட்டுவதாக நினைக்கிறது. வீட்டுக் கடனுக்கு எண்ட் முறைதான்.
3. வேறு ஏதாவது வந்தால் பழைய கணக்கின் எண்கள் நினைவில் மிச்சம் இருக்கலாம். ஒவ்வொரு கணக்குக்கும் முன்பு அழித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கனடாவில் இருக்கும் தமிழர்கள் இன்னொன்றையும் மாற்ற வேண்டும். அங்கே நிலையான வட்டி வீட்டுக் கடனில் வட்டி வருடத்துக்கு இரண்டு முறைதான் அசலோடு கூட்டப்படுகிறது. ஆகவே பி/ஒய் 12, வருடத்துக்கு எத்தனை முறை வட்டி கூட்டப்படுகிறது என்று சொல்லும் சி/ஒய் 2. இந்தியாவில் இரண்டுமே 12.

தவணைக்குள் என்ன இருக்கிறது

இனி வரும் எல்லாவற்றுக்கும் இது அடிப்படை, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மாத வட்டி மிச்சம் இருக்கும் அசல் மீது மட்டும் போடப்படுகிறது. முதல் மாதம் 40 லட்சத்துக்கு வட்டி 28,333 ரூபாய். நாம் கட்டுவது 34,713. வட்டி போக மீதி 6,380 தான் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் அசல் அந்த 6,380 அளவுக்குக் குறைந்திருப்பதால் வட்டி 28,288, அசலுக்குப் போவது 6,425. இப்படி மாதாமாதம் சில பத்து ரூபாய்கள் வட்டிப் பக்கத்திலிருந்து அசல் பக்கத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டியபின் எவ்வளவு மிச்சம்? மீதி இருக்கும் தவணைகளின் இன்றைய மதிப்புதான் நிலுவை என்பதால், என் 180 என்று வைத்து பிவி-யைக் கேட்டால் போதும். 35.25 லட்சம். அதாவது 60 மாதத்தில் 20.83 லட்சம் கட்டியிருக்கிறோம், அதில் அசலில் கழிந்தது 4.75 லட்சம், வட்டியாகப் போனது 16.08 லட்சம். அசல் பாதியாவதற்கு 166-வது தவணை வரை, கிட்டத்தட்ட 14 வருடம் ஆகிறது. 20 வருடக் கடனில் 14 வருடம் கட்டிய பிறகும் பாதிக் கடன் அப்படியே இருக்கிறது என்பதை ஸ்டேட்மென்ட்டில் பார்த்துப் பதறிப்போய் வங்கிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. தப்பு எதுவும் நடக்கவில்லை, கணக்கின் இயல்பே அதுதான்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஆரம்ப வருடங்களில் தவணைக்கும் வட்டிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ரொம்பச் சின்னது. 34,713-க்கும் 28,333-க்கும் நடுவே வெறும் 6,380. வட்டி விகிதம் கொஞ்சம் ஏறினாலே அந்த இடைவெளி காணாமல் போய்விடும்.

வட்டி ஏறியபோது நடந்தது

முதலில் பின்னணி. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் புதிய ஃப்ளோட்டிங் வட்டி (அவ்வப்போது மாறும் வட்டி) வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவைத் தேர்ந்தெடுத்தன. ரெப்போ என்பது வங்கிகள் குறுகிய காலத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் பணத்துக்கான வட்டி. அதன் மேல் வங்கி தன் பங்குக்கு ஒரு கூடுதல் விகிதத்தைச் சேர்க்கும், இரண்டும் சேர்ந்தது நம் வட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இது புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு முந்தைய எம்சிஎல்ஆர் (வங்கி தன் செலவை வைத்துத் தானே கணக்கிடும் அடிப்படை வட்டி) கடன்களில் பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் மாறும். வங்கி அல்லாத வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த வெளி அளவுகோல் விதி பொருந்தாது, அவர்களுடைய சொந்த அடிப்படை வட்டிதான். உங்கள் கடன் இந்த மூன்றில் எது என்பது கடன் ஒப்பந்தத்தில் இருக்கும், அதைப் பார்க்காமல் ரெப்போ செய்தியை மட்டும் பார்ப்பதில் பயன் இல்லை.

கொரோனா காலத்தில் ரெப்போ 4 சதவீதம். 2022 மே மாதத்திலிருந்து ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.50. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவீதம்.

இப்போது 6.7 சதவீதத்தில் 40 லட்சம், 20 வருடம் என்று ஒருவர் கடன் வாங்கினார் என்று வைப்போம். தவணை 30,296. ஒரு வருடம் கட்டிய பிறகு நிலுவை 39,01,463, மீதி 228 தவணை. வட்டி 6.7-லிருந்து 9.2-க்குப் போகிறது. உண்மையில் படிப்படியாகத்தான் ஏறியது, கணக்கு எளிதாக இருக்க ஒரே நாளில் ஏறியதாக எடுத்துக்கொள்கிறேன். தவணையைத் தொடாமல் விட்டால் எத்தனை மாதம்?

ஐ/ஒய் 9.2, பிவி 39,01,463, பிஎம்டி கழித்தல் 30,296, எஃப்வி 0. என் எவ்வளவு என்று கேளுங்கள். கிட்டத்தட்ட 570 என்று வரும்.

570 மாதம், 47 வருடத்துக்கும் மேல். 19 வருடம் மிச்சம் இருந்த கடன்! காரணம் மேலே சொன்ன அதே இடைவெளிதான். 39 லட்சத்துக்கு 9.2 சதவீதத்தில் மாத வட்டி மட்டும் 29,911. தவணை 30,296. அசலுக்குப் போவது 385 ரூபாய். இதே ஏற்றம் கடன் வாங்கிய முதல் மாதத்திலேயே வந்திருந்தால் வட்டி 30,667, தவணையை விட அதிகம், அதாவது கட்டக் கட்டக் கடன் வளரும். அந்த நிலையில் கால்குலேட்டர் விடையே தராது, பிழை என்று நிற்கும். எந்தக் காலத்திலும் அடையாத கடன் என்று அதற்கு அர்த்தம்.

இந்தக் கடனை அதே 228 மாதத்தில் முடிக்க வேண்டுமென்றால் பிஎம்டி-யைக் கேளுங்கள். 36,269 வரும். மாதம் 5,973 ரூபாய் கூடுதல். சம்பளக் குடும்பத்துக்கு இது வலிக்கிற தொகைதான், அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் 5,973 ரூபாயைக் கட்ட முடியுமா, பாதியாவது முடியுமா, இல்லை காலத்தை நீட்டிக்கொள்வதா என்று முடிவெடுக்க வேண்டியது அந்தக் குடும்பம். பலரிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. தவணை அப்படியே இருந்தது, காலம் சத்தமில்லாமல் நீண்டது, ஐம்பத்தைந்து வயதில் முடிய வேண்டிய கடன் ஓய்வுக்குப் பிறகும் போகும் என்பதை அவர்கள் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டார்கள்.

2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை விட்டது. அதில் நமக்கு வேண்டியவை:

1. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும்.
2. தவணையோ காலமோ மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும்.
3. காலத்தை நீட்டும்போது, தவணை வட்டிக்கே போதாமல் கடன் வளரும் நிலை வரக் கூடாது.
4. கடனின் எந்தக் கட்டத்திலும் பகுதியாகவோ முழுதாகவோ முன்கூட்டிக் கட்ட வழி இருக்க வேண்டும்.
5. காலாண்டு முடிவில் ஒரு அறிக்கை கிடைக்கச் செய்ய வேண்டும். இதுவரை கழிந்த அசல், வட்டி, தவணைத் தொகை, மீதி இருக்கும் தவணைகளின் எண்ணிக்கை, வருட வட்டி விகிதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இதில் ஐந்தாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்த அறிக்கையில் இருக்கும் "மீதித் தவணைகள்" என்ற எண்தான் நம் கால்குலேட்டரின் என். மெயிலில் வரும், அல்லது வங்கியின் செயலியில் இருக்கும்.

வட்டி குறையும்போது

பழைய கணக்குக்கே திரும்புவோம். 8.5 சதவீதத்தில் ஐந்து வருடம் கட்டியாயிற்று, நிலுவை 35.25 லட்சம், மீதி 180 தவணை. வட்டி 7.5-க்கு வருகிறது. இரண்டு வழி.

1. காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைப்பது. என் 180, பிஎம்டி-யைக் கேட்டால் 32,678. மாதம் 2,035 ரூபாய் மிச்சம், 180 மாதத்தில் 3.66 லட்சம்.
2. தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைப்பது. பிஎம்டி கழித்தல் 34,713, என் எவ்வளவு என்று கேட்டால் 161.6, அதாவது 162 தவணையில் முடிந்துவிடும். 18 தவணைகள் போயின. மொத்தத்தில் மிச்சம் 6.3 லட்சத்துக்கு மேல்.

(எச்பி 12சி-யில் இது 162 என்றே வரும், மாதங்களை அது அடுத்த முழு எண்ணாக்கித்தான் காட்டும். வேறு கால்குலேட்டரில் 161.6 என்று வந்தால் கடைசித் தவணை முழுத் தவணையாக இருக்காது என்று பொருள்.)

வங்கிகள் பல நேரம் தவணையைத் தொடாமல் இரண்டாவது வழியில் விட்டுவிடுகின்றன. செய்தி பார்த்துவிட்டுத் தவணை குறையவில்லையே என்று வருத்தப்பட்டவர்களில் பலருக்கு உண்மையில் லாபமான வழிதான் கிடைத்திருக்கிறது. ஆனால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு மாதம் இரண்டாயிரம் அவசரமாகத் தேவைப்படுகிற வீட்டில் முதல் வழிதான் சரி, அதை எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். 2022-ல் காலம் நீண்டுபோன கடன் என்றால் முதல் வழியைத் தொடாதீர்கள். போன காலத்தை மீட்டுக்கொள்ள வட்டி குறைகிற நேரம்தான் வசதி.

காலமும் முன்கூட்டிக் கட்டுவதும்

அதே 40 லட்சம், அதே 8.5 சதவீதம். 15 வருடத்துக்குத் தவணை 39,390, மொத்த வட்டி 30.9 லட்சம். 20 வருடத்துக்கு 34,713, வட்டி 43.3 லட்சம். 30 வருடத்துக்கு 30,757, வட்டி 70.7 லட்சம். 20-லிருந்து 30-க்குப் போனால் மாதம் குறைவது நாலாயிரத்துக்கும் கீழே, கூடுவது 27 லட்சம். தவணையை மட்டும் பார்த்து 30 வருடத்துக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கூடுதலாகக் கட்ட முடிந்தால் என்ன ஆகும்? 20 வருடக் கடனில் மாதம் 3,000 சேர்த்து 37,713 கட்டினால் 240 தவணை 198-க்குள் வந்துவிடும், மிச்சம் சுமார் 9 லட்சம். முதல் வருட முடிவில் ஒரே ஒரு முறை 1 லட்சம் மட்டும் அசலில் கட்டினால்? நிலுவை 39,20,391-லிருந்து 38,20,391 ஆகிறது. தவணை மாறாமல் என் எவ்வளவு என்று கேட்டால் 228 மாதம் 214 ஆகிறது. ஒரு லட்சத்துக்கு ஏறக்குறைய 14 தவணைகள் காலி, அவற்றின் மதிப்பு 4.7 லட்சத்துக்கு மேல். பத்தாவது வருடத்தில் இதே ஒரு லட்சத்தைக் கட்டினால் இவ்வளவு கிடைக்காது, கடன் இளமையாக இருக்கும்போது கட்டுகிற பணத்துக்குத்தான் பலன் அதிகம்.

தனிநபரின் சொந்த வீட்டுக்கான ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது, 2012-லிருந்தே இது விதி. பணத்தைச் செலுத்தும்போது தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லிக் குறிப்பிடுங்கள், பிறகு புதிய அட்டவணையை வாங்கி மீதித் தவணைகளைச் சரிபாருங்கள்.

ஐ/ஒய் பொத்தான் எதற்கு

சொல்லப்படும் வட்டி உண்மையான வட்டிதானா என்று பார்க்க. வீட்டு மராமத்துக்கு 5 லட்சம், 5 வருடம், "வெறும் 7 பர்சென்ட் ஃப்ளாட்" என்கிறார்கள். ஃப்ளாட் என்றால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது, ஐந்து வருடமும் முழு 5 லட்சத்துக்கு வட்டி. 1.75 லட்சம் வட்டி, மொத்தம் 6.75 லட்சம், மாதம் 11,250. என் 60, பிவி 5,00,000, பிஎம்டி கழித்தல் 11,250 என்று போட்டு ஐ/ஒய்யைக் கேட்டால் 12.5. பத்து நொடி வேலை. 7 என்று சொன்னது வீட்டுக் கடன் கணக்கில் 12.5 சதவீதம், இதைக் கையெழுத்துக்கு முன்னால் பார்க்காதவர்கள் ஐந்து வருடம் வருந்துவார்கள்.

வீட்டுக் கடனிலும் செயல்முறைக் கட்டணம் உண்டு. 40 லட்சத்துக்கு அரை சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 23,600 என்று வைத்தால், நம் கைக்கு வருவது 39,76,400, தவணை அதே 34,713. வட்டியைக் கேட்டால் 8.58. இப்படிக் கட்டணங்களையும் சேர்த்த வருட விகிதம் ஏபிஆர் எனப்படும். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரப் பத்திரம் ஒன்று தர வேண்டும், அதில் ஏபிஆர் இருக்க வேண்டும். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது விளம்பரத்தில் இருக்கும் விகிதத்தை விட்டுவிட்டு அதை ஒப்பிடுங்கள்.

கால்குலேட்டருக்குத் தெரியாதவை

கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்குக் கடன் கட்டம் கட்டமாகத்தான் வரும். 10 லட்சம் மட்டும் வந்திருந்தால் அதற்கு மாத வட்டி 7,083 கட்டுவோம், இதை ப்ரீ-இஎம்ஐ என்பார்கள். இதில் ஒரு ரூபாய் கூட அசலில் கழியாது, 240 தவணைக் கணக்கிலும் சேராது. கட்டிடம் இழுத்தால் இதுவும் இழுக்கும்.

சில வங்கிகள் அன்றாட நிலுவை மீது வட்டி போடுவதால் மாத வட்டி நம் விடையிலிருந்து கொஞ்சம் மாறும். நூறு இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். வரிச் சலுகையும் இதில் இல்லை: பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கான வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம், நம் எடுத்துக்காட்டில் முதல் வருட வட்டியே 3.37 லட்சம். புதிய முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது. கடனோடு சேர்த்து விற்கப்படும் காப்பீட்டு பிரீமியம் கடன் தொகையிலேயே கூட்டப்பட்டிருந்தால் பிவி நீங்கள் நினைத்ததை விடப் பெரிதாக இருக்கும், அனுமதிக் கடிதத்தில் இருக்கும் தொகையைத்தான் போட வேண்டும்.

இன்றைக்கே செய்து பார்க்க

1. கடைசிக் காலாண்டு அறிக்கையை எடுங்கள். இல்லாவிட்டால் கிளையில் கேட்டு வாங்குங்கள்.
2. அதில் இருக்கும் நிலுவை அசலை பிவி-யிலும், இப்போதைய வட்டியை ஐ/ஒய்யிலும், பிடிக்கிற தவணையைக் கழித்தல் குறியோடு பிஎம்டி-யிலும், பூஜ்யத்தை எஃப்வி-யிலும் போட்டு என் எவ்வளவு என்று கேளுங்கள்.
3. வந்த எண்ணை அறிக்கையில் இருக்கும் மீதித் தவணைகளோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு மாத வித்தியாசம் சாதாரணம். அதிகமாக இருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.
4. கடன் வாங்கியபோது போட்ட மொத்தத் தவணைகளிலிருந்து (20 வருடம் என்றால் 240) இதுவரை கட்டிய தவணைகளைக் கழியுங்கள். இந்த விடை, கால்குலேட்டர் காட்டிய எண்ணை விடச் சின்னதாக இருந்தால் உங்கள் கடன் நடுவில் நீட்டப்பட்டிருக்கிறது.
5. அப்படி நீண்டிருந்தால், கழித்து வந்த அந்தச் சின்ன எண்ணை என் இடத்தில் போட்டு பிஎம்டி-யைக் கேளுங்கள். கடனைப் பழைய தேதிக்கே முடிக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதுதான். அந்தத் தொகையை எழுதி எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள்.